பாத்திரத்தில் விழுந்த சோறு

தம்பியை நாலு பேர் முன்னால் நாறடித்துவிட்டுத்தான் வீடு திரும்புவது என்ற முடிவோடு பிரஷாந்தினி பண்டாரவளையில் வெலிமடை பஸ்ஸில் ஏறினாள். தம்பி என்றால் சாதாரணத் தம்பி இல்லை. மொட்டைத் தலையும் காவி உடையுமாக இருக்கிற பௌத்த பிக்கு. பெற்றவர்கள் வைத்த இந்திரஜித் என்ற பெயர் எட்டு வயதோடு போயிற்று. இப்போது அவன் சுமனஸார தேரர், ஊருக்கெல்லாம் ஹாமுதுரு. பிரஷாந்தினி மட்டும் வழி நெடுக மனசுக்குள் அவனை வேறு சில பெயர்களால் கூப்பிட்டுக்கொண்டு வந்தாள். அவற்றை எழுத்தில் போட முடியாது.

விதைக் கிழங்கு மூட்டையைக் காலுக்கிடையில் வைத்திருந்த ஆளின் பக்கத்தில் இடம் கிடைத்தது. உட்கார்ந்ததும் போனைத் திறந்து அந்த வீடியோவைப் போட்டாள். எத்தனையாவது தடவை என்று அவளுக்கே தெரியாது. தேயிலைக் கொழுந்து பறிக்கிற மலையில் தேத்தண்ணி குடிக்கிற நேரம், குழாயடியில் வரிசையில் நிற்கிற நேரம், அடுப்பில் உலை வைத்துவிட்டுக் குந்தியிருக்கிற நேரம் எல்லாம் அதைத்தான் பார்த்தாள். சோறு தண்ணி இல்லாமல் இருக்கலாம், அது இல்லாமல் இருக்க முடியவில்லை.

"மனிதனுக்கு நாலு வகை ஆகாரம் உண்டு," என்றான் தம்பி போனுக்குள்ளிருந்து. சிங்களத்தில் வளர்ந்து, பிறகு புத்தகம் வைத்துக் கற்றுக்கொண்ட மேடைத் தமிழ். "வாயால் உண்பது ஒன்று. கண்ணும் காதும் நாள் முழுவதும் உண்பது இரண்டாவது. வேண்டும், வேண்டும் என்று மனம் எண்ணிக்கொண்டே இருப்பது மூன்றாவது. எல்லாவற்றையும் அறிந்துகொண்டிருக்கிற உணர்வு நாலாவது. கோபத்துக்கும் தீனி உண்டு. தீனி போடாவிட்டால் கோபம் மெலிந்து செத்துப்போகும்."

பிரஷாந்தினியின் கோபம் மெலிகிற மாதிரி இல்லை. நன்றாகக் கொழுத்துத்தான் இருந்தது.

வீடியோவில் அடுத்தது அந்தக் கதை வரும். தாயும் தகப்பனும் ஒரே பிள்ளையோடு வனாந்திரத்தைக் கடக்கிறார்கள். பாதி வழியில் சாப்பாடு தீர்ந்துபோகிறது. மூன்று பேரும் சாவதை விட இரண்டு பேராவது பிழைப்போம் என்று பிள்ளையைக் கொன்று, அந்த இறைச்சியைத் தின்று, அடுத்த பக்கம் போய்ச் சேர்கிறார்கள். "உண்ணும் ஒவ்வொரு கவளத்தையும் அந்தப் பிள்ளையின் இறைச்சியாக நினைத்து உண்ண வேண்டும் என்றார் புத்தபகவான்," என்றான் தம்பி. "மெதுவாக மென்று, இது எங்கிருந்து வந்தது, யார் தந்தது என்று நினைத்து உண்ண வேண்டும்." சரியாக அந்த இடத்தில், படம் பிடித்த தினுஷன் போனைத் திருப்பி முன்வரிசையில் பாயில் இருந்த அம்மா வடிவம்மாவின் முகத்தைக் காட்டியிருந்தான். பக்கத்து வீட்டுப் பெரியாயியின் மகன் அவன். அம்மா வாயைத் திறந்தபடி மகனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த முகத்தைப் பார்க்கிற ஒவ்வொரு தடவையும் பிரஷாந்தினியின் கோபம் இன்னொரு சுற்றுக் கொழுத்தது.

ஏனென்றால் வடிவம்மா பிள்ளையைக் கொடுத்தவள். தகப்பன் லிங்கத்துக்குக் காலில் புண் வைத்து வேலை நின்ற வருஷம் அது. அடுப்பு எரியாத நாட்கள் எரிந்த நாட்களை விடக் கூடிப்போன வருஷம். பன்சலைக்கு, பிக்குமார் இருக்கிற விகாரைக்கு, உதவி செய்கிற முதலாளி ஒருவர் கீழ்க் கிராமத்திலிருந்து வந்தார். பையனைப் பன்சலைக்குக் கொடுத்தால் அவனுக்குச் சாப்பாடும் படிப்பும் கிடைக்கும், வீட்டுக்கு மாதா மாதம் ஒரு மூட்டை அரிசி வரும் என்றார். வந்தது. லிங்கம் சாகும்வரை வந்தது. பதின்மூன்று வயதுப் பிரஷாந்தினி அந்தச் சோற்றை இரண்டாம் தடவை கேட்டு வாங்கித் தின்றாள். நல்ல சம்பா அரிசி. அந்த ருசி இன்னும் நாக்கில் இருக்கிறது, அதை நினைத்தால் தன் நாக்கையே பிடுங்கி எறியலாம் போல வரும்.

முதல் இரண்டு வருஷம் அம்மா பன்சலைக்குப் போய்ப் பார்த்தாள். பெற்ற பிள்ளையின் காலில் விழுந்து கும்பிட வேண்டும், அதுதான் அங்கே முறை. விழுந்தாள். பையன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். பிறகு, வந்து வந்து படிப்பைக் கெடுக்க வேண்டாம் என்று யாரோ சொல்லியனுப்பினார்கள். அப்பன் செத்ததற்கும் அவன் வரவில்லை, ஏதோ பரீட்சையாம். கண்டிப் பக்கம் படித்துப் பெரிய ஆளாகி, போன வருஷம்தான் வெலிமடைப் பக்கத்துப் பன்சலைக்கு வந்து சேர்ந்தான். தமிழில் பண சொல்கிற, அதாவது போதனை செய்கிற ஹாமுதுரு என்று பேர் பரவியது. தெமோதரைக்கு மேலே இருக்கிற அவர்களுடைய தோட்டத்துக்கும் அழைத்தார்கள்.

அவன் வருகிற அன்றைக்கு வடிவம்மா செய்த கூத்து கொஞ்சமில்லை. வீட்டைக் கழுவினாள். இருக்கிற ஒரே நாற்காலியில் வெள்ளைத் துணி விரித்தாள், ஹாமுதுருமார் உட்கார அப்படித்தான் விரிக்க வேண்டும் என்று யாரிடமோ கேட்டு வைத்திருந்தாள். விடியற்காலையிலேயே சோறு பொங்கினாள். மகனுக்கு மட்டும் இல்லை, தனக்கும் ஒரு தட்டைக் கழுவி வைத்தாள். பிரஷாந்தினிக்கு அதுதான் அதிசயமாக இருந்தது. அம்மா சோறு தின்கிறவள் இல்லை. எத்தனையோ வருஷமாக வெறும் கோதுமை மா ரொட்டிதான். "சோத்த வச்சிக்கிட்டு ரொட்டிய கடிக்கிற, ஒனக்கு என்னதான் கேடு," என்று மகள் எத்தனை தரம் ஏசியும் கேட்டதில்லை.

அவன் வீட்டுக்கு வரவில்லை. ஜீப்பில் வந்தான், தோட்டத்துப் பொது ஹோலில் அந்தக் கதையைச் சொன்னான், அதே ஜீப்பில் ஏறிப் போனான். வடிவம்மா சோற்றுச் சட்டியைத் தூக்கிப் போய்க் கோழிகளுக்குக் கொட்டினாள். அன்றிலிருந்து ரொட்டியும் இல்லை.

வெறும் தேத்தண்ணி மட்டும் குடித்தாள். சீனி வருத்தக்காரி வேறு. குளிசையை விழுங்கிவிட்டுச் சாப்பிடாமல் கிடந்தால் ஒரு நாளைக்கு மயங்கி விழுவார், பிறகு எழும்பமாட்டார் என்று தோட்டத்து டொக்டர் நேராகவே சொன்னார். பதுளை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போகப் பார்த்தபோது கட்டில் காலைப் பிடித்துக்கொண்டாள். ஒரு தரம் மட்டும் வாய் திறந்தாள். "இன்னும் எத்தன காலத்துக்கு அவன தின்னுக்கிட்டு இருக்கிறது," என்றாள். அவ்வளவுதான்.

ஒரே கூரையின் கீழ் வரிசை வீடுகளில் இருக்கிற லயத்துக்காரர்களுக்கு அந்தக் கதை நல்ல தீனி. பத்து வருஷமாகச் சண்டைக்கு வேறு விஷயம் கிடைக்காமல் தண்ணீர் வாளியை இழுத்துக்கொண்டிருந்த பெரியாயிக்கு அது கோயில் பிரசாதம் மாதிரி வந்து கையில் விழுந்தது. "பெத்த புள்ளைய தின்னவளுக்கு முன் வரிச என்னத்துக்கு," என்றாள் குழாயடியில். வடிவம்மா குடத்தோடு அங்கேதான் நின்றாள். பிரஷாந்தினி வாளியாலேயே பெரியாயியை அடித்தாள். நாலு பேர் பிடித்து இழுத்து விட்டார்கள். அடி சரியாக விழவில்லை என்ற கவலை அவளுக்கு இன்னும் இருந்தது. அம்மா குடத்தை அங்கேயே வைத்துவிட்டு வீட்டுக்கு நடந்து, வாசலிலேயே சரிந்து விழுந்தாள். வாயைப் பிளந்து சீனித் தண்ணியை ஊற்றி எழுப்ப வேண்டியிருந்தது.

அதற்கு அடுத்த நாள்தான் இந்த பஸ்.

பன்சலையில் தம்பி அரச மரத்து மேடையில் நின்றான். வயசாளி ஒருவர் சருகு கூட்டிக்கொண்டிருந்தார், அவருக்குத் தமிழ் தெரியாது. பிரஷாந்தினி செருப்பைக் கழற்றினாள், அந்த மரியாதை மரத்துக்கு. கும்பிடவில்லை, குனியவுமில்லை.

"அம்மா சாகப் போகுது. ஒனக்கு இப்ப சந்தோஷமா?"

அவன் அவளை உடனே அடையாளம் கண்டுகொண்டான். கண்ணைத் தாழ்த்தினான். "என்ன நடந்தது?" என்றான், அதே மேடைத் தமிழில்.

அவள் சொன்னாள். குரலை அடக்கிச் சொல்ல அவள் வரவில்லை. கூட்டிக்கொண்டிருந்த பெரியவர் விளக்குமாற்றை நிறுத்திவிட்டுப் பார்த்தார்.

"அது புத்தபகவான் சொன்ன கதை," என்றான் அவன். "யாரையும் குறித்து நான் சொல்லவில்லை."

"பொய் சொல்லாத. காவி உடுத்திக்கிட்டுப் பொய் சொல்லாத. ஒனக்கு வேற கதையே இல்லையா? எல்ல டவுன்ல சொல்லு, ஹப்புத்தளையில சொல்லு, யாரு வேணாங்கிறது. பெத்தவ முன்னால குந்தியிருக்கையில அந்தக் கதைய எடுத்தியே, அது தற்செயலா?"

அவன் காவியின் கரையை இழுத்துத் தோளில் போட்டான். பிறகு பேசியபோது மேடைத் தமிழ் போயிருந்தது. லயத்துப் பேச்சு, எட்டு வயதில் எந்த இடத்தில் நின்றதோ அந்த இடத்திலிருந்து வந்தது.

"இல்ல. அம்மாவுக்குத்தான் சொன்னேன். வேணும்னுதான் சொன்னேன்."

பிரஷாந்தினி அதை எதிர்பார்க்கவில்லை. அடிக்க ஓங்கிய கைக்கு ஆள் கிடைக்காதது போல ஒரு நிமிஷம் திகைத்தாள்.

"நான் வேன்ல ஏறுறேன்," என்றான் அவன். "அழுறேன். அம்மா ஏறெடுத்தும் பாக்கல. அரிசி மூட்டையோட வாய அவுத்துக்கிட்டு இருந்துச்சி. வேன் வளைவு திரும்புற வரைக்கும் பாத்தேன். மூட்டைக்குள்ள கைய விட்டு அரிசிய அள்ளுது. நான் போனேனா இருந்தேனான்னுகூட தெரியல. அதத்தான் நான் இத்தன வருஷமா பாத்துக்கிட்டு இருக்கேன். கண்ண மூடி தியானத்துல இருந்தாலும் அதான் வருது."

"கோவத்துக்குத் தீனி போடாதேன்னு ஊருக்குப் பண சொல்றியே. நீ என்னத்த போட்டு வளத்த?"

"அதான் சொன்னேனே. அதப் போட்டுத்தான்."

திருப்பிச் சொல்ல நாக்கு நுனியில் நாலைந்து வார்த்தை ஆயத்தமாக இருந்தது. ஆனால் அரிசியை அள்ளுது என்று அவன் சொன்னது உள்ளே எங்கேயோ இடறியது. அன்றைக்கு அவளும் அந்த வாசலில்தான் நின்றாள். அம்மா அள்ளியது ஒரே ஒரு பிடி. அதைச் சட்டியில் போடவில்லை. முந்தானையிலிருந்து மஞ்சள் துணித் துண்டு ஒன்றை எடுத்து, அவசர அவசரமாக முடிந்தாள். முடிச்சு விழாமல் பல்லால் கடித்து இழுத்தாள். நிமிர்ந்தபோது வேன் இல்லை. அந்த முடிச்சு இன்றைக்கும் வீட்டுக் கூரையின் வளை மரத்தில், அடுப்புப் புகை படிந்து, கன்னங்கரேல் என்று தொங்குகிறது. தினமும் அதன் கீழேதான் அவள் குனிந்து நிமிர்கிறாள்.

தோட்டத்தில் பிள்ளை திரும்பி வர வேண்டும், நோய் தீர வேண்டும் என்றால் அப்படி முடிந்து வைப்பார்கள். காரியம் முடிகிறவரை ஏதாவது ஒன்றைத் தின்பதில்லை என்று சாமிக்கு நேர்ந்தும் கொள்வார்கள். சிலர் மீனை விடுவார்கள், சிலர் வெற்றிலையை. வெளியே சொன்னால் பலிக்காது, அதனால் வாயைத் திறக்கமாட்டார்கள்.

"டேய்," என்றாள் பிரஷாந்தினி. "அது அள்ளுனது ஒனக்கு முடிஞ்சு வைக்க. நீ திரும்பி வரணும்னு. அந்த மூட்டையில ஒரு பருக்கை அம்மா வாயில பட்டதில்லடா. அன்னையிலேருந்து ரொட்டிதான். நானுந்தான் இன்னைக்கு வரைக்கும் ஏசிக்கிட்டு இருந்தேன், வீம்புக்குத் திங்குதுன்னு. ஒன் சோறு தின்னது நானும் அப்பாவும். அன்னைக்கு ஹோலுக்கு நீ வாறேன்னுதான் மொத மொதல்ல சோறு பொங்கி, தனக்கும் தட்டு வச்சிச்சி. நீ வாசலுக்கு வரல."

அவன் மேடை விளிம்பில் உட்கார்ந்துவிட்டான். பிரஷாந்தினிக்கு இரக்கம் வரவில்லை. நன்றாகப் படட்டும் என்றுதான் நினைத்தாள்.

உட்கார்ந்தபடியே அவன் சொன்னான். "கதைய நான் முழுசா சொல்லல. அந்தத் தாயும் தகப்பனும் திங்கும்போது நெஞ்சில அடிச்சிக்கிட்டுத்தான் திங்கிறாங்க. எங்க மகனே, எங்க ஒரே மகனே எங்கன்னு அழுதுக்கிட்டே. மூல சூத்திரத்துல அப்படித்தான் இருக்கு. அத விட்டுட்டுச் சொன்னேன்."

"மறந்தா?"

"இல்ல."

அவள் அவனை ஒரு பார்வை பார்த்தாள். "வந்து அம்மா கையால வாங்கித் தின்னு. வேற ஒண்ணும் கேக்கல."

"அம்மா போட மாட்டாங்க. போட அந்த வீட்டுல என்ன இருக்கு இப்ப," என்றான் அவன். "நான் வேற மாதிரி வாறேன். நாளைக்குக் காலையில. நீ ஒண்ணும் சொல்லிராத."

அவள் நம்பவில்லை. நம்பாமலே பஸ் ஏறினாள். வரும் வழியில் வீடியோவைப் போடக் கை போனது. கொஞ்ச நேரம் போனைப் பிடித்துக்கொண்டே இருந்துவிட்டு மூடி வைத்தாள்.

மறுநாள் அவள் வேலைக்குப் போகவில்லை. காலையில் பேர் கூப்பிடுகிற பெரட்டுக் களத்துக்கு வராதவள் என்று கணக்குப்பிள்ளை குறித்திருப்பார், குறிக்கட்டும். வெயில் ஏறிக் கொஞ்ச நேரத்தில் தெமோதரை ரோட்டிலிருந்து குறுக்குப் பாதையில் ஒரு காவி உடை ஏறி வந்தது. ஜீப் இல்லை, குடை பிடிக்க ஆள் இல்லை. வெறுங்கால். தோளில் தொங்கிய பையிலிருந்து கறுப்புப் பாத்திரத்தை எடுத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, லயத்தின் மேல் கோடியில் முதல் வீட்டு வாசலில் போய் நின்றான்.

கேட்கவில்லை. நின்றான். அவ்வளவுதான். லயத்துக்காரர்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை. கந்தசஷ்டிக்கும் மாரியம்மன் தேருக்கும் காணிக்கை கேட்டு வருகிறவர்களைத் தெரியும், ஒன்றும் கேட்காமல் நிற்கிற ஆளை என்ன செய்வது? ஒருத்தி காசு கொண்டு வந்தாள். அவன் பாத்திரத்தைத் துணியால் மூடினான். ஒருத்தி உள்ளே ஓடிப்போய் நேற்றைய ரொட்டியும் சம்பலும் எடுத்து வந்தாள். அதை வாங்கினான். விஷயம் பிடிபட்டதும் வாசலுக்கு வாசல் ஆட்கள் நின்றார்கள். கிழங்குக் கறி, முருங்கைக் கீரை, ஒரு கரண்டி பருப்பு என்று விழுந்தது. வேலைக்குப் போகாத வீடுகள் கொஞ்சம்தான், ஆனாலும் விழுந்தது.

பெரியாயி வீட்டு வாசல் வந்தது. பெரியாயி உள்ளே இருந்துகொண்டு இல்லாதவள் மாதிரி மூச்சைப் பிடித்திருந்தாள். அவன் நகரவில்லை. பிரஷாந்தினி தன் வாசலில் நின்றபடி, மேல் லயம் கீழ் லயம் எல்லாம் கேட்கிற மாதிரிச் சொன்னாள். "பெரியாயி அக்கா, ஹாமுதுரு நிக்கிறாரு. நீங்க சோறு வடிச்ச வாசம் எனக்கே வருது."

தினுஷன் போனைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தான். அவன் பின்னாலேயே வந்த பெரியாயி அவன் பிடரியில் ஒன்று போட்டாள். "மூடுடா அத." முகத்தைப் புளி தின்ற மாதிரி வைத்துக்கொண்டு, சட்டியிலிருந்து அகப்பை அகப்பையாகச் சோற்றை அள்ளிப் பாத்திரத்தில் போட்டாள். குறைத்துப் போட்டால் ஊர் என்ன சொல்லும் என்ற பயத்தில் தன் பங்கையும் சேர்த்துப் போட்டுவிட்டாள். மாட்டிக்கொண்டது அவள் முகத்தில் தெரிந்தது, பிரஷாந்தினிக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது.

அடுத்த வாசல் அவர்களுடையது. வடிவம்மா கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். வாசலில் வெளிச்சம் மறைந்ததால் திரும்பினாள். முதலில் கால்களைப் பார்த்தாள், புழுதி படிந்த வெறுங்கால். பிறகு காவியின் கரை. பிறகு பாத்திரம். முகத்தைப் பார்க்க அவளுக்கு நேரம் பிடித்தது.

சுவரைப் பிடித்து எழும்பினாள். மகள் தாங்க வந்ததைக் கையால் தட்டிவிட்டாள். வாசல் வரை வந்து, முழங்காலை ஊன்றி, மகனின் காலில் விழுந்து கும்பிட்டாள். அவன் அதைத் தடுக்க முடியாது, திருப்பிக் கும்பிடவும் முடியாது.

"போட ஒண்ணுமில்ல சாமி," என்றாள். "பொங்கி வச்சிருந்தேன் அன்னைக்கு. கோழி தின்னுருச்சி."

"போட வேணாம். எடுத்துக்கங்க," என்றான் அவன். "பிக்குவுக்குச் சொந்தமா ஒண்ணும் இல்ல. பாத்திரத்துல விழுறதுதான். அத வேற யாருக்கும் தூக்கிக் குடுக்கக் கூடாது. தாய்க்கும் தகப்பனுக்கும் குடுக்கலாம். எங்க சட்டத்துல இருக்கு."

வடிவம்மா பாத்திரத்தை எட்டிப் பார்த்தாள். சோற்றைக் கண்டதும் முகம் இறுகியது. "யாரு அரிசி இது? பன்சல அரிசியா?"

"லயத்து அரிசி. பெரியாயி போட்டது."

"அவளா?" என்றாள் அம்மா. கண்ணில் ஒரு உயிர் வந்தது. "அவ கை இம்புட்டு நீளுமா?"

பிரஷாந்தினி பொறுக்கமாட்டாமல் குறுக்கே வந்தாள். "மிச்சக் கதைய சொல்லு," என்றாள் தம்பியிடம். "விட்டத சொல்லு."

அவன் வாசலில் நின்றபடியே சொன்னான். அந்தத் தாயும் தகப்பனும் நெஞ்சில் அடித்துக்கொண்டது, எங்கே மகனே என்று அழுதுகொண்டே தின்றது. குனிந்த தலை நிமிரவில்லை. வடிவம்மா கடைசி வரை கேட்டாள்.

"அழுதாங்கதானே," என்றாள்.

"ஆமா."

"நீ அத சொல்லல."

"சொல்லல."

"எம் முகத்த பாத்துக்கிட்டே சொல்லாம விட்ட."

"ஆமாம்மா."

அவள் வாசலை விட்டு நகர்ந்தாள். பிறகு, "உள்ள வந்து குந்து," என்றாள். சாமி என்று சொல்லவில்லை.

அந்த நாற்காலியில் வெள்ளைத் துணி அன்றைக்கு விரித்தபடியே கிடந்தது. எடுக்க அவள் யாரையும் விடவில்லை. அவன் உட்கார்ந்தான். வடிவம்மா அவன் எதிரே தரையில் குந்தி, பாத்திரத்தை மடியில் வைத்து, ஒரு பிடி சோற்றை அள்ளினாள். கை வாய் வரை போய் நின்றது. அண்ணாந்து வளையில் தொங்கிய கறுப்பு முடிச்சைப் பார்த்தாள். வாயில் போட்டாள்.

மென்றாள். அவன் ஹோலில் சொல்லிக் கொடுத்த மாதிரியே மென்றாள். "இது பெரியாயி போட்டது. கொஞ்சம் கொழஞ்சிருக்கு," என்றாள். விழுங்கினாள். "இது கோடி வீட்டுக் கெழங்கு. உப்பு கூட." ஒவ்வொரு வாய்க்கும் எங்கிருந்து வந்தது, யார் தந்தது என்று சொன்னாள். ஒரு வாய்க்கும் இன்னொரு வாய்க்கும் நடுவே மகனின் முகத்தைப் பார்த்தாள். பிரஷாந்தினிக்கு முதலில் சந்தோஷத்தில் கண் கலங்கியது. கொஞ்ச நேரத்தில்தான் அவளுக்கு விளங்கியது, அம்மா வேண்டுமென்றே மெதுவாகத் தின்கிறாள்.

பிக்குமார் நண்பகலுக்குப் பிறகு சாப்பிடக் கூடாது. லயத்தில் எல்லாருக்கும் தெரிந்த விஷயம், வடிவம்மாவுக்கு நன்றாகத் தெரிந்த விஷயம். அவன் விடியற்காலையிலிருந்து ஒன்றும் தின்னவில்லை, வறண்ட உதட்டிலேயே தெரிந்தது. பாத்திரத்தில் இரண்டு பேருக்கு இருந்தது. அவள் ஒரு பிடி எடுத்து நீட்டினால் போதும். நீட்டவில்லை. அவன் கேட்கவுமில்லை. கைகளை மடியில் கோத்தபடி, அவள் வாயையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

தொழிற்சாலையில் பன்னிரண்டு மணிச் சங்கு ஊதியது. மலை முழுக்க அது கேட்டு ஓய்கிறவரை வடிவம்மா பாத்திரத்திலிருந்து கையை எடுக்கவில்லை. ஓய்ந்த பிறகு கடைசிப் பருக்கையை விரலால் வழித்து வாயில் போட்டாள். இத்தனை நாள் பட்டினிக்கு மேல் இவ்வளவு சோற்றைத் தின்றது டொக்டருக்குத் தெரிந்தால் திட்டுவார், அது வேறு விஷயம்.

"இனி நீ திங்கக் கூடாதுதானே?"

"கூடாது."

"பசிக்குதா?"

"பசிக்குது."

"பசிக்கட்டும்," என்றாள் வடிவம்மா. பாத்திரத்தை இரண்டு கையாலும் அவனிடம் நீட்டினாள். "நாளைக்கும் கொண்டா."

அவன் பாத்திரத்தை வாங்கினான். குழாயடிக்குப் போய்த் தானே கழுவினான். பெரியாயி ஒதுங்கி வழிவிட்டாள். குறுக்குப் பாதையில் இறங்கி, தேயிலைக்கிடையில் காவி மறைகிறவரை அம்மா வாசலில் நின்று பார்த்தாள். இந்தத் தடவை கண்ணை எடுக்கவில்லை.

பிரஷாந்தினி முக்காலியைப் போட்டு ஏறினாள். வந்துவிட்டான், நேர்த்தி முடிந்தது, இனி அந்த அழுக்கு மூட்டை எதற்கு என்று வளையில் இருந்த முடிச்சை அவிழ்க்கக் கையை நீட்டினாள்.

"அதத் தொடாத," என்றாள் அம்மா, திரும்பிக்கூடப் பார்க்காமல். "வாசலுக்கு வந்தான், சோறு தின்னுட்டேன். சாமி கணக்கு அதோட தீந்துச்சி, எங் கணக்கு தீரல. எறங்கு. நாளைக்கு வாரானான்னு மொதல்ல பாப்போம்."